எஞ்சினை நிறுத்திய பிறகும் மிச்சமிருப்பது

ரங்கூன் தெருக்களில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தவை. புரோபாக்ஸ், ஃபிட், விஷ், மார்க் டூ என்று எதன் பானெட்டை வேண்டுமானாலும் தூக்கிப் பாருங்கள். ரேடியேட்டர் பக்கத்தில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். இரண்டு மூன்று வரி ஜப்பானிய எழுத்து, ஒரு கை, அதற்கு மேலே ஆவி, பக்கத்தில் சுழலும் விசிறி. எங்கள் ஒர்க்‌ஷாப் இருக்கும் தெருவில் அந்த வரிகளை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. வண்டியோடு வரும் கையேடும் ஜப்பானிய மொழிதான். பாதி வண்டிகளில் அதுவும் வழியிலேயே தொலைந்திருக்கும்.

அதனால் இந்த ஊரில் மெக்கானிக் வேலை வாய்வழியாகத்தான் வருகிறது. மூத்த மெக்கானிக்கைப் பர்மியப் பையன்கள் 'சயா' என்று கூப்பிடுவார்கள், நம் தமிழ்ப் பையன்கள் 'அண்ணே' என்பார்கள். அவர் சொன்னதுதான் பாடம், அவர் செய்ததுதான் செய்முறை. எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது, சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதெல்லாம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சரியாக வந்துவிடுகிறது. எதைத் தொடக் கூடாது, எப்போது தொடக் கூடாது என்பது மட்டும் வழியில் எங்கேயோ சிந்திப் போய்விடுகிறது. கேட்டால், "போகப் போகத் தெரிஞ்சுக்குவான்" என்பார்கள். போகப் போகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது. ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் சொல்லிக் கொடுக்க வேண்டியது.

நான் பார்த்த வரைக்கும், ஓடுகிற எஞ்சினுக்கு எல்லோரும் கொஞ்சமாவது பயப்படுகிறார்கள். சத்தம் போடுகிறது, சுழல்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. அடிபடுகிறவர்களில் பலர் அடிபடுவது எஞ்சின் நின்ற பிறகுதான். சாவியைத் திருப்பியாயிற்று, இனி என்ன என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால் நின்ற எஞ்சினுக்குள் சூடு இருக்கிறது. குழாய்களுக்குள் அழுத்தம் இருக்கிறது. பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டியில் ஒரு டன் எடை காத்துக்கொண்டிருக்கிறது. சாவியைத் திருப்பியதால் இவற்றில் ஒன்றும் போய்விடாது. ஒவ்வொன்றையும் நாமாகத்தான் இறக்கி வைக்க வேண்டும்.

சூட்டிலிருந்து தொடங்குகிறேன். சித்திரை மாதத்து வெயிலில் ரங்கூனிலிருந்து மாந்தலே போகும் எக்ஸ்பிரஸ் சாலையில் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். சிமென்ட் போட்ட சாலை, வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், கீழேயிருந்தும் அடிக்கும். 115வது மைல் ஓய்விடத்தில் பஸ்களும் கார்களும் வரிசையாக நிற்கும். அங்கே டீ குடித்து முடிப்பதற்குள், யாராவது ஒருவர் பானெட்டைத் தூக்கிவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ரேடியேட்டர் மூடியில் வைத்துத் திருகப் போவதைப் பார்த்துவிடலாம். டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிப் போய்க் கையைப் பிடித்திருக்கிறேன். அந்நியர் கையைப் பிடிப்பதா என்று யோசிக்கிற நேரம் அது இல்லை.

ரேடியேட்டர் மூடி என்பது ஒரு வால்வு. உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தை, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தோடு இன்னொரு அவ்வளவை, அடக்கிப் பிடிப்பது அதன் வேலை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்த அழுத்தத்தில் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் நிற்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே போகும். எஞ்சின் சூட்டைத் தாங்குவதே இதனால்தான். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடுகிறது. 110 டிகிரியில் சத்தமில்லாமல் இருந்த தண்ணீர் அதே நொடியில் பொங்கி, ஆவியும் வெந்நீருமாக மேலே பாய்கிறது. குனிந்து நிற்பவரின் முகமும் கழுத்தும் நெஞ்சும்தான் அதற்கு நேரே இருக்கின்றன. துண்டு ஒன்றையும் தடுக்காது. நனைந்த துண்டு அந்தச் சூட்டைத் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அப்புறம் மேல் ஹோஸை, வெறுங்கையால் தொட முடிகிறதா என்று பார்த்து, மெதுவாக அமுக்கிப் பார்க்க வேண்டும். விறைப்பாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. மெத்தென்று அமுங்கினால், தடித்த துணியை மடித்து மூடி மேல் வைத்து, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, முதல் தடை வரைக்கும் மட்டும் திருக வேண்டும். அங்கே நிறுத்திக் காது கொடுத்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தானாக நிற்கும் வரை கையை அசைக்கக் கூடாது. நின்ற பிறகு அமுக்கித் திருகி எடுக்கலாம். தண்ணீர் ஊற்றும்போதும் அவசரம் வேண்டாம். கொதிக்கிற எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுப் போகலாம். எஞ்சின் ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

யாராவது வெந்துவிட்டால், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, மஞ்சள், மாவு, எஞ்சின் ஆயில் எதுவும் வேண்டாம். எஞ்சின் ஆயில் தடவுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். மோதிரம், கடிகாரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட்டு, சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஸ்டிக்கரில் இருக்கும் அந்த விசிறிப் படத்துக்கு வருகிறேன். இப்போது வரும் கார்களில் ரேடியேட்டர் விசிறி மின்மோட்டாரில் ஓடுகிறது. தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் தானாகவே ஓடும், தானாகவே நிற்கும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும், எஞ்சின் நின்று சில நிமிடம் கழித்தும்கூட, சூடு ஏறினால் சுழல ஆரம்பித்துவிடும். அசையாத விசிறியை நம்பி அதன் இறக்கைகளுக்கு நடுவே கையை விட்டு, கீழே விழுந்த போல்ட்டைத் தேடுவது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது! முதலில் விசிறியின் கனெக்டரைக் கழற்றுங்கள், இல்லையென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பிறகு தேடலாம். போல்ட் எங்கேயும் ஓடிப் போகாது.

லுங்கியைப் பற்றிச் சொல்லாமல் பர்மாவில் இந்தப் பேச்சைப் பேச முடியாது. இங்கே ஆபீஸுக்கும் லுங்கி, பள்ளிக்கூடத்துக்கும் லுங்கி, ஒர்க்‌ஷாப்புக்கும் லுங்கிதான். நம் ஆட்களும் மூன்று நான்கு தலைமுறையாக அப்படித்தான். அந்த உடையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முன்பக்கம் முடிச்சுப் போட்டு, நடக்க நடக்கத் தளர்ந்து, அவிழ்த்து மறுபடி கட்டும் ஒரு துணி, ஓடும் எஞ்சினுக்கு முன்னால் சரியான உடை கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 750 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்குப் பன்னிரண்டு சுற்றுக்கும் மேல். எஞ்சினோடு சுழன்று பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் விட்டம் 15 சென்டிமீட்டர் என்றால், பெல்ட் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 6 மீட்டர் ஓடுகிறது. லுங்கித் துணியின் மொத்த நீளமே 2 மீட்டர்தான். நுனி மாட்டிய பிறகு யோசிக்க ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. அதற்குள் எவரும் யோசித்துவிட முடியாது.

பெரியவர்கள் சிலர் லுங்கியைத் தார்ப்பாய்ச்சி இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். தொங்கவிடுவதற்கு அது எவ்வளவோ மேல். இருந்தாலும் எங்கள் கடையில் பையன்களுக்கு அரைக்கால் சட்டையோ பேன்ட்டோ வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். வீட்டிலிருந்து லுங்கியில் வரலாம், ஆணியில் மாட்டிவிட்டு வேலை உடைக்கு மாறிக்கொள்ள வேண்டும். ரப்பர் செருப்பும் இதே கதைதான். எண்ணெய் சிந்திய சிமென்ட் தரையில் அது வழுக்கும், பிரேக் டிரம் காலில் விழுந்தால் ஒன்றையும் காப்பாற்றாது. மூடிய ஷூ விலை அதிகம் என்பது தெரியும். ஆனால் சம்பளத்தில் பிடிக்காமல் முதலாளி வாங்கித் தர வேண்டிய பொருள் அது என்பது என் உறுதியான கருத்து. கழுத்துச் செயின், கையில் கட்டிய மந்திரித்த கயிறு, இரும்பு வளையம், மோதிரம் எல்லாம் வேலை நேரத்தில் சட்டைப் பையில் இருக்கட்டும். சாமிக்குக் கோபம் வராது.

மோதிரத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால் பேட்டரிக்காக. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. வோல்ட் குறைவு, ஆனால் ஷார்ட் ஆனால் அந்தச் சின்னப் பெட்டி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். பாசிட்டிவ் டெர்மினலில் இருக்கும் ஸ்பேனரின் மறுமுனை பாடியைத் தொட்டால், ஸ்பேனர் சிவக்கும் அளவுக்குச் சூடேறும். நடுவில் மோதிரம் மாட்டினால் மோதிரம் சிவக்கும், விரல் அதற்குள் இருக்கும்.

அதனால்தான் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வண்டியின் பாடி முழுக்க நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டால், பிறகு பாசிட்டிவில் ஸ்பேனர் போடும்போது அது பாடியில் எங்கே இடித்தாலும் சுற்று முழுமையாகாது, பொறி வராது. பையன்களிடம் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் ஒரு வாரத்தில் மாற்றிச் செய்வார்கள். காரணத்தைச் சொன்னால் மறக்க மாட்டார்கள். கழற்றிய நெகட்டிவ் கேபிள் தானாக வளைந்து வந்து டெர்மினலைத் தொடும், அதையும் ஒரு துணி சுற்றி ஒதுக்கிக் கட்ட வேண்டும்.

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும், மேல் மூடி வெடித்து உள்ளே இருக்கும் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போதும் இதே விஷயம்தான். சிவப்பு கேபிளை இரண்டு பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள், கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள். கடைசி முனையை மட்டும் செத்த பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் எஞ்சினில் பேட்டரியை விட்டுத் தள்ளி, பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி வரும், அது பேட்டரி மேல் வரக் கூடாது. கண்ணில் அமிலம் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம் டாக்டரிடம் ஓடுங்கள். முதலில் டாக்டர், பிறகு தண்ணீர் என்று போனால் கண் போய்விடும்.

மின்வெட்டுக் காலத்தில் இந்த ஊரில் பாதி வீடுகளில் கட்டிலுக்கு அடியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. மேலே சொன்னதெல்லாம் அந்தப் பேட்டரிக்கும் பொருந்தும். சாமி விளக்குக்குப் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். ஜன்னல் இல்லாத அறையில் சார்ஜ் போடாதீர்கள்.

இனி எடை. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் பெகு ரோட்டில் ஒரு கடையில் பார்த்தது. வாசலில் செம்மண் தரை. ஒரு லைட் டிரக்கை பாட்டில் ஜாக்கியில் தூக்கி, ஜாக்கிக்கு அடியில் ஒரு துண்டுப் பலகை வைத்திருந்தார்கள். சைலன்சர் கழற்ற ஒரு பையன் மல்லாந்து உள்ளே போய்விட்டான், கால் மட்டும் வெளியே தெரிந்தது. மழை தூற ஆரம்பித்தது. பலகையின் ஒரு ஓரம் மண்ணில் இறங்குவதைப் பார்க்க முடிந்தது, ரொம்ப மெதுவாக, நகம் வளர்வது போல. ஜாக்கி சாய்ந்துகொண்டிருந்தது என்று சொல்லக்கூட முடியாது, நேராக இல்லை என்றுதான் சொல்ல முடியும். பக்கத்தில் இருந்தவர் அவன் காலைப் பிடித்து இழுத்தார். அவன் வெளியே வந்து, என்ன என்று கேட்டு, பீடி பற்ற வைத்து, அதன் பிறகுதான் வண்டி இறங்கியது. பெரிய சத்தம் இல்லை. அச்சு மண்ணில் ஒரு சாண் புதைந்தது.

ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு அதை நம்பக் கூடாது. உள்ளே எண்ணெயின் அழுத்தத்தில்தான் வண்டி நிற்கிறது. ஒரு ரப்பர் சீல் கிழிந்தால் போதும், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் இறங்கிவிடும். தூக்கியதும் ஸ்டாண்டு வைக்க வேண்டும், அதுவும் சேஸியில் அதற்கென்று உள்ள கெட்டியான இடத்தில். வைத்த பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்கி எடையை ஸ்டாண்டு மேல் விட வேண்டும். அப்புறம் இடுப்பால் முட்டி வண்டியை ஆட்டிப் பார்க்க வேண்டும். அது விழுவதாக இருந்தால் நாம் வெளியே நிற்கும்போதே விழட்டும். தரையில் தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை. முன்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் பெரும்பாலான கார்களில் அந்தப் பிடிப்பே போய்விடும், முன்சக்கரத்துக்குக் கட்டை போடாவிட்டால் வண்டி உருண்டுவிடும்.

செங்கல், ஹாலோ பிளாக், செம்புராங்கல் இவற்றை அடுக்கி மேலே காரை நிறுத்துவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். சுவருக்கு அவை நல்லவை, ஏனென்றால் சுவரில் எடை பரவலாக இறங்குகிறது. காரின் எடை ஒரு விரலகலப் புள்ளியில் இறங்கும். மரக்கட்டை எடை அதிகமானால் முனகும், நசுங்கும், நேரம் கொடுக்கும். கான்கிரீட் பிளாக் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே அடியாகச் சிதறும். ஸ்டாண்டு வாங்கக் காசு இல்லை என்றால், கழற்றிய சக்கரத்தையாவது சேஸிக்கு அடியில் படுக்க வையுங்கள். வண்டி இறங்கினால் அந்தச் சக்கரம் தரும் இடைவெளியில் ஒரு உயிர் தப்பலாம்.

இதை எழுதும்போது, வண்டிக்கடியில் போவது எப்போதும் கடையில் வயதில் சிறியவன்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஒல்லியாக இருக்கிறான், சுலபமாக நுழைவான் என்பார்கள். ஜாக்கி சரியில்லை என்று சொல்லும் துணிச்சலும் அவனுக்குத்தான் குறைவு. எங்கள் கடையில், ஸ்டாண்டைத் தன் கையால் வைத்து ஆட்டிப் பார்க்காதவன் உள்ளே போகக் கூடாது, யார் சொன்னாலும் சரி. முடியாது என்று அவன் சொன்னால் அவனை யாரும் திட்டக் கூடாது. வாடிக்கையாளர் நேரமாகிறது என்று முணுமுணுக்கத்தான் செய்வார். முணுமுணுக்கட்டும்.

புகையைப் பற்றி. மே மாதம் மழை பிடித்தால் அக்டோபர் வரைக்கும் விடாது. சாரல் உள்ளே அடிக்கிறது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, உள்ளே எஞ்சினை ஓடவிட்டு டியூன் பார்ப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைப் போல 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், தலைசுற்றல், தூக்கம். சாப்பிடாமல் வேலை செய்ததால் வந்த தலைவலி என்று நினைத்து அங்கேயே பெஞ்சில் படுப்பார்கள், அதுதான் கொல்லும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலை வலித்தால் காரணம் காற்றுதான். எஞ்சினை நிறுத்துங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள். ஏசி போட்டு ஜன்னலை மூடிக்கொண்டு நின்ற காரில் தூங்குவது, ஜெனரேட்டரை வீட்டு நடையில் வைத்து ஓட்டுவது, இரண்டும் இதே விஷம்தான்.

பெட்ரோல் விஷயத்தில் பர்மாவுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. சிறிய ஊர்களில் சாலையோரத்தில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் விற்பார்கள். அந்த பாட்டில் அப்படியே ஒர்க்‌ஷாப்புக்கு வரும், சாமான் கழுவ ஒரு தட்டில் ஊற்றப்படும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பிடிக்கிற ஆவியை விடக்கூடியது. நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து, வண்டிக்கடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்குள் இறங்கித் தங்கும். குழிக்குள் பல்பு உடைந்தாலோ, ஸ்பேனர் விழுந்து பொறி வந்தாலோ போதும். சாமான் கழுவ மண்ணெண்ணெய் அதைவிடப் பரவாயில்லை, டீசலும் பரவாயில்லை. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரிகிற பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து பரவும். மணல் வாளியும் தீயணைக்கும் பவுடர் சிலிண்டரும் வாசல் பக்கம் இருக்க வேண்டும். தீயைத் தாண்டிப் போய் எடுக்கிற இடத்தில் வைத்து என்ன பயன்?

இன்ஜெக்‌ஷன் வண்டியில் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் லைனில் சுமார் 3 பார் அழுத்தம் நிற்கும். ஃபில்டரைக் கழற்றுமுன் ஃபியூல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு அது தானாக அணையும் வரை காத்திருங்கள். டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல், சிலவற்றில் இரண்டாயிரம் வரைக்கும் போகும். கசிவு எங்கே என்று ஒருபோதும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள், ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். தோலைத் துளைத்து உள்ளே போன டீசல் வெளியே ஒரு ஊசிக்குத்து போலத்தான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே தசை அழுகும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும். ஆஸ்பத்திரியில் "ஊசி குத்தியது" என்று சொல்லாமல் "அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பழைய டாக்ஸிகளில் 2000களின் நடுவில் சிஎன்ஜிக்கு, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவுக்கு, மாற்றுவது நிறைய நடந்தது, டிக்கியில் அந்த சிலிண்டர் இன்னும் பல வண்டிகளில் இருக்கிறது. நிரப்பினால் 200 பார். எஞ்சினில் கை வைக்குமுன் சிலிண்டர் வால்வை மூடுங்கள். அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். பழுப்பேறிய, அரித்துப்போன சிலிண்டரை நம் போன்ற கடைகள் தொடக் கூடாது.

ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஏசி குழாயை நாமாக அவிழ்க்கக் கூடாது, கேஸ் பட்ட இடம் உறைந்து புண்ணாகும். பழைய பிரேக் டிரம்மைத் திறந்ததும் ஏர் அடித்துத் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். கறுத்த கையோடு வெற்றிலை மடித்து வாயில் போடுவதை விடுங்கள். ஓடிய எஞ்சின் ஆயிலில் புற்றுநோய் தரும் பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. வடித்த கூலன்ட்டைத் தெருவில் விடாதீர்கள். அது இனிக்கும், ரங்கூன் தெருநாய்கள் நக்கிக் குடிக்கும், கொஞ்சமே போதும், சிறுநீரகம் போய்ச் சாகும். குழந்தைக்கும் அதே கதிதான். மூடி போட்ட டின்னில் வைத்து, டின்னின் மேல் பர்மிய எழுத்திலும் தமிழிலும் எழுதுங்கள்.

வண்டி சாலையில் நின்றுவிட்டால் இந்த நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. 1970 டிசம்பரில் போக்குவரத்தை வலப்பக்கமாக மாற்றினார்கள், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. டிரைவர் சாலையோரமாகப் பத்திரமாக இறங்குவார், பக்கத்தில் இருப்பவர் நேராகப் போக்குவரத்துக்குள் இறங்குவார். எல்லோரையும் ஓரப் பக்கமாகவே இறங்கச் சொல்லுங்கள். முக்கோணம் இல்லையென்றால் லாரிக்காரர்கள் செய்வது போல இலையோடு ஒரு மரக்கிளையைப் பின்னால் தள்ளிப் போடுங்கள். அதற்குப் பிறகு பானெட்டைத் திறக்கலாம்.

இப்போது கடைக்குப் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன, அக்வாவும் பிரியஸும்தான் அதிகம். இவ்வளவு நேரம் சொன்ன பேட்டரி விஷயமெல்லாம் இவற்றின் 12 வோல்ட் பேட்டரிக்குத்தான். பெரிய பேட்டரி வேறு. முதல் தலைமுறை அக்வாவில் 144 வோல்ட், அதை இன்வெர்ட்டர் 520 வோல்ட் வரைக்கும் ஏற்றுகிறது. ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் அது போகிறது. ஷாக் அடித்துவிட்டுப் போகும் மின்சாரம் இல்லை, ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம். இன்னொன்று, இந்த வண்டி நிற்கும்போது எஞ்சின் சத்தமே இருக்காது, ஆனால் மீட்டரில் ரெடி விளக்கு எரிந்தால் எந்த நொடியிலும் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். எஞ்சினின் சுழலும் பாகத்துக்குப் பக்கத்தில் கை இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் ஹைப்ரிட் வந்தால் எங்கள் கடையில் முதல் வேலை சாவியை வாங்குவது. பொத்தான் அமுக்கி ஸ்டார்ட் செய்கிற வண்டியில் சாவி சட்டைப் பையில் இருந்தாலே போதும் என்பதால், அதை வண்டியிலிருந்து தள்ளி உள்ளறை மேசையில் வைக்கிறோம். 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றுகிறோம். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, வேலை செய்கிறவன் அதைத் தன் பையிலேயே வைத்துக்கொள்கிறான், வேறு யாரும் திருப்பி மாட்டிவிட முடியாது. பிறகு 10 நிமிடம் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கிறோம், இன்வெர்ட்டருக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர் இறங்குவதற்கு. அதன் பிறகும் மீட்டர் வைத்து வோல்ட் இல்லை என்று பார்த்துத்தான் கை வைக்கிறோம்.

கையுறையை ஒவ்வொரு தடவையும் சோதிக்க வேண்டும். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, கன்னத்துப் பக்கம் வைத்துப் பார்த்தால் ஊசி முனை ஓட்டையிலிருந்தும் காற்று படுவது தெரியும். தெரிந்தால் அந்த ஜோடியைக் கத்தரியால் வெட்டிப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆயுத பூஜைக்கு ஸ்பேனர்களுக்குச் சந்தனம் வைக்கும்போது எங்கள் கடையில் ஸ்டாண்டுகளின் வெல்டிங், ஜாக்கியின் எண்ணெய்க் கசிவு, தீயணைப்பு சிலிண்டரின் முள், இந்தக் கையுறைகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பிப் பார்க்கிறோம். போன பூஜையில் இரண்டு ஸ்டாண்டுகளைக் கழித்தோம். பழைய இரும்புக்காரர் கேட்டார், முழுசாகக் கொடுக்கவில்லை. கட்டரால் அறுத்துத்தான் கொடுத்தோம், வேறொரு கடையில் அவை மறுபடி ஒரு வண்டிக்கடியில் போய் நிற்கக் கூடாது என்பதற்காக.